புகழ் வருமுன் நாம் நேரில் கேட்டவர்கள்: அன்று கேட்டதை மட்டும் எழுதுங்கள்

வடக்குமாடவீதி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம்.

மார்கழிக் கச்சேரிகள் தொடங்கிவிட்டால் சபா கேன்டீன் வரிசையில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். இன்று மாலைக் கச்சேரிக்குக் கூட்டம் அலைமோதுகிற ஒரு வித்வானின் பெயரைச் சொல்லி, "இவரைப் பகல் பன்னிரண்டு மணிக்குக் காலி அரங்கிலேயே கேட்டிருக்கிறேன், அன்றைக்கே எனக்குத் தெரியும்" என்பார் ஒருவர். பக்கத்தில் நிற்பவரும் தாமும் அன்று அங்கே இருந்ததாகச் சொல்வார். நான் நாற்பது ஆண்டுகளாகச் சபாக்களுக்குப் போய்வருகிறேன். இன்னும் பெயர் பெறாத இளையவர்கள் பாடும் பகல் கச்சேரிகளில் இருபது பேருக்குமேல் எண்ணிய நாள்கள் குறைவு. அந்த இருபதிலும் பாதி, பாடுகிறவரின் வீட்டாராக இருக்கும். அப்படியிருக்க, அன்றே கேட்டதாகச் சொல்கிறவர்கள் இத்தனை பேர் எப்படி வந்தார்கள்? யாரையும் பொய்யர் என்று சொல்ல நான் வரவில்லை. ஒருவருக்குப் புகழ் வந்தபிறகு, அவரைப் பற்றிய நம் நினைவும் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே இந்த இழையில் ஒரு வேண்டுகோள். பின்னாளில் பெரும்பெயர் பெற்ற ஒருவரை, அந்தப் பெயர் வருவதற்கு முன்பே மேடையில் நேரில் கேட்டவர்கள், அன்று காதில் விழுந்ததையும் அன்று மனத்தில் பட்டதையும் மட்டும் எழுதுங்கள். பாதியில் எழுந்து போயிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

முதலில் என்னுடையது. 1985இல் இளைஞர்கள் சிலர் சேர்ந்து யூத் அசோசியேஷன் ஃபார் கிளாசிகல் மியூசிக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். விஜய் சிவா, சஞ்சய் சுப்ரமண்யன், பி. உன்னிகிருஷ்ணன், டி.எம். கிருஷ்ணா போன்றவர்கள் அந்த வட்டத்திலிருந்து வந்தவர்களே. 1990ஐ ஒட்டிய ஒரு பிற்பகலில் உன்னிகிருஷ்ணனின் கச்சேரியைக் கேட்டேன். கேட்ட கச்சேரிகளைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. சில ஆண்டுகள் கழித்து, 1994ஆம் ஆண்டுக்கான தேசிய விருது அவருடைய முதல் திரைப்பாடல்களுக்கே கிடைத்தபோது, பரணில் இருந்த குறிப்பேட்டை இறக்கிப் பார்த்தேன். ஏதோ பெரிதாகக் கணித்து எழுதியிருப்பேன் என்ற எதிர்பார்ப்பு எனக்கே இருந்தது. அவர் பெயருக்கு எதிரே "குரல் இனிமை. ஐந்தே கால் பஸ்" என்று மட்டுமே இருந்தது. கச்சேரியின் கடைசியில் பாடும் சிறு பாடல்களான துக்கடாவுக்கு முன்பே எழுந்து வந்திருக்கிறேன் என்பது அதிலிருந்து தெரிந்தது.

போடிமெட்டு எழுதியது:

ஐயா, உங்கள் நிபந்தனையை ஏற்று எழுதுகிறேன். நான் கேட்டது சபாவில் அல்ல, தேர்தல் மேடையில்.

1962 பொதுத்தேர்தல் சமயம். எங்கள் ஊர் போடிநாயக்கனூர்ப் பக்கம். அப்போது அது மதுரை மாவட்டம். எனக்கு ஒன்பது வயது. கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிரிவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு என்பதால், ஒரே கொடி, ஒரே மேடை. என் தகப்பனார் கட்சிக்காகச் சுவரில் கதிர் அரிவாள் வரைகிறவர். பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் வருகிறார் என்று தமுக்கு அடித்துச் சொன்னால், சுற்றுப்பட்டு எஸ்டேட்டுகளில் வேலை செய்கிறவர்கள்கூட மலையிறங்கி வந்து தரையில் இடம்பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள். பேச்சாளர்கள் பேசும்வரை கூட்டத்தில் சளசளப்பு அடங்காது. பாவலர் எழுந்து நின்றதும் அடங்கிவிடும். எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு, அதற்குள் கூலியையும் குத்தகையையும் விலைவாசியையும் வைத்துப் பாடுவார். மெட்டு முன்பே காதில் ஊறியிருப்பதால், புதிய வரியை ஒருமுறை கேட்டாலே மறுநாள் வயலில் எல்லோரும் பாடுவார்கள்.

அவருடன் அவருடைய தம்பிகள் இருந்தார்கள். ஆர்மோனியம் வாசித்தவரின் விரல்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. பெட்ரோமாக்ஸ் விளக்கு மேடையின் இடதுபுறம் தொங்கியதால் அவர் முகம் பாதி இருட்டில் இருந்தது. கட்டைகளின்மேல் விரல்கள் மட்டும் வெளிச்சத்தில் ஓடின. அவர்தான் பின்னாளில் இளையராஜா. அன்று அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு அவர் பாவலரின் தம்பி, அவ்வளவுதான். அந்த மேடையில் புகழ் பெற்றவர் என்று ஒருவர் இருந்தாரென்றால் அது அண்ணன்தான். "அன்னக்கிளி" வெளிவந்த 1976இல் அந்த அண்ணன் உயிருடன் இல்லை. இன்று அந்த மேடையைப் பற்றி யார் பேசினாலும் தம்பியைத் தேடுகிறார்கள். அன்று கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், நாங்கள் நடந்துபோனது வரதராசனைக் கேட்க.

பழையவானொலி எழுதியது:

போடிமெட்டு ஐயாவின் பதிவைப் படித்ததும், அதன் அடுத்த அத்தியாயத்தின் ஓரத்தில் நானும் நின்றிருக்கிறேன் என்று தோன்றியது.

1968ஆம் ஆண்டின் கடைசியாக இருக்கும். மாம்பலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. அந்நாளில் வரவேற்பு என்றால் மெல்லிசைக் குழு இருக்கும். மேடையின் மூலையில் ஒரு மைக், பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, ஆர்மோனியம், கிடார், தாளத்துக்கு ஒருவர் என்று அமர்ந்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதால், கண்டசாலா பாடல்களைப் பாடக்கூடிய ஒரு குழுவை ஏற்பாடு செய்திருந்தார்கள். பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்ற இன்ஜினீயரிங் மாணவர். 1966 டிசம்பரிலேயே தெலுங்கில் அவருடைய முதல் திரைப்பாடல் பதிவாகிவிட்டது; ஆனால் தமிழ்நாட்டில் அவரை அறிந்தவர் மிகக் குறைவு. மறுஆண்டு, 1969இல், எம்.ஜி.ஆருக்கு அவர் பாடிய பாட்டு வானொலியில் வந்தபிறகு அறியாதவர் இல்லை. எனவே நான் எழுதுவது அந்த இடைவெளியில் கேட்டதை.

மெல்லிசைக் குழுவில் பாடுகிறவருக்குச் சொந்தக் குரல் இருப்பது ஒரு குறை என்றே அன்று கருதப்பட்டது. டி.எம்.எஸ். பாட்டென்றால் டி.எம்.எஸ். போலவும், பி.பி. ஸ்ரீநிவாஸ் பாட்டென்றால் அவரைப் போலவும் இருக்கவேண்டும்; இசைத்தட்டில் மூச்சு வாங்கும் இடத்தில் மேடையிலும் மூச்சு வாங்கவேண்டும். இவரும் அப்படித்தான் பாடினார். ஆனால் ரஃபியின் இந்திப் பாட்டு ஒன்றைப் பாடும்போது, சரணத்தின் முடிவில் ஒரு சிறு சிரிப்பைக் குரலுக்குள்ளேயே வைத்துப் பாடினார். அது இசைத்தட்டில் இல்லாதது. அந்தச் சிரிப்பு எனக்குத் தவறாகப் பட்டது. பக்கத்தில் இருந்த என் சிற்றப்பாவிடம் "பாட்டை மாற்றிவிட்டார்" என்றேன். பந்தியில் இடம் காலியாகிவிட்டதாக யாரோ சொன்னதும் இருவரும் எழுந்துபோனோம். மீதிப் பாடல்களைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டோம். பின்னாளில் கோடிக்கணக்கானவர்கள் அவரிடம் விரும்பியது எதுவோ, அதையே நான் அன்று குறையாகச் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய குழுவில் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன் ஆகிய சகோதரர்கள் வாசித்தார்கள் என்பதைப் பின்னாளில் எல்லோரும் படித்திருப்போம். அன்று கிடார் வைத்திருந்த இளைஞரின் முகத்தை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆகையால் இளையராஜாவையும் அன்றே பார்த்தேன் என்று எழுதிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

தம்புச்செட்டி எழுதியது:

நான் கேட்டது மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். 1979 டிசம்பரில் சென்னையில் அவருடைய கச்சேரிக்கு என் தகப்பனார் அழைத்துப்போனார். அரைக்கால்சட்டை வயதுப் பையன். அரங்கமே எழுந்து நின்றது.

வடக்குமாடவீதி எழுதியது:

தம்புச்செட்டி ஐயா, வருடத்தை ஒருமுறை சரிபார்க்க வேண்டுகிறேன். ஸ்ரீநிவாஸ் 1969 பிப்ரவரியில் பாலகொல்லில் பிறந்தவர். முதல் மேடை 1978இல், குடிவாடாவில் நடந்த தியாகராஜ ஆராதனை விழா. சென்னையில் முதல் கச்சேரி 1981 டிசம்பரில், இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில். தவறு கண்டுபிடிக்கும் நோக்கில் கேட்கவில்லை.

தம்புச்செட்டி எழுதியது:

நீங்கள் சொல்வதே சரி. நான் எட்டாம் வகுப்பில் படித்த வருடம் அது; கணக்குப் போட்டால் 1981தான் வருகிறது. இரண்டு வருடத்தை நானே முன்னால் தள்ளியிருக்கிறேன். அரங்கமே எழுந்து நின்றது என்று எழுதியதையும் விலக்கிக்கொள்கிறேன். எழுந்து நின்றது எங்கள் வரிசை மட்டுமே. அதுவும் மேடையில் அவ்வளவு சிறிய பையன் உட்கார்ந்திருந்ததால் தெரியவில்லை என்று எழுந்தோம்.

உண்மையில் நடந்ததை எழுதுகிறேன். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், கச்சேரி தொடங்குமுன்பே, இந்த வாத்தியத்தில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் நயம்) பேசாது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாண்டலினின் கம்பியை மீட்டினால் நாதம் உடனே செத்துவிடும். வீணையைப் போல நின்று ஒலிக்காது. எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால், வீணையில் செய்வதுபோலக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு ஸ்வரத்தை அடுத்த ஸ்வரத்தின் நிழல்வரை கொண்டுபோவதும் கடினம். இந்தப் பையன் வாசித்தது மின் மாண்டலின். இரட்டைக் கம்பிகளுக்குப் பதிலாக ஒற்றைக் கம்பிகள் ஐந்து. ஒலிபெருக்கியின் உதவியால் நாதம் நின்றது. ஒற்றைக் கம்பி என்பதால் இடதுகை விரல் அதை இழுத்து வளைக்க முடிந்தது. ஆலாபனையில் கீழ்ஸ்தாயியில் ஒரு காந்தாரத்தை, அதாவது 'க' ஸ்வரத்தை, பிடித்து மெதுவாக அசைத்தபோது, முன்வரிசைப் பெரியவர் பேச்சை நிறுத்தினார். அவர் மனம் மாறியதா என்று எனக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அதுதான் நான் பார்த்தது.

அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1983இல், அவர் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். அவரைப் புகழுக்கு முன்னால் கேட்டேன் என்று சொல்வது எனக்கு எப்போதும் உறுத்தும், ஏனென்றால் அன்று நாங்கள் போனதே, மாண்டலின் வாசிக்கும் அதிசயச் சிறுவனைப் பார்க்கத்தான். சங்கீதம் கேட்கப் போனோம் என்று சொல்ல முடியாது. 2014இல் அவர் நாற்பத்தைந்து வயதில் மறைந்த செய்தி வந்த இரவு, அந்தக் காந்தாரம்தான் திரும்பத் திரும்ப மனத்தில் வந்தது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நேரில் கேட்டதை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனாலும், இந்த இழையில் விட்டுப்போகக்கூடாத ஒன்று இருப்பதாகத் தோன்றுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். புகழ் வருமுன் ஒருவர் எப்படி மேடைக்கு வந்தார் என்பதே அது.

கர்நாடக இசைப் பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியத்தின் முதல் கச்சேரி 1928இல் மயிலை கபாலீசுவரர் கோயில் வசந்தோற்சவத்தில் நடந்தது. பாடவேண்டியவர் முசிறி சுப்ரமணிய ஐயர். அவரால் வரமுடியாமல் போனதால், கல்லூரி மாணவராக இருந்த ஜி.என்.பி. அந்த இடத்தில் அமர்த்தப்பட்டார். அதாவது அன்று கோயிலில் கூடியிருந்தவர்கள் அனைவரும் முசிறியைக் கேட்க வந்தவர்கள். ஏமாற்றத்துடன் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தின் முன்தான், பின்னாளில் ஒரு தலைமுறையே பின்பற்றிய பாணி முதன்முதலாக ஒலித்தது. பழையவானொலி ஐயாவும் போடிமெட்டு ஐயாவும் எழுதியதும் இதே வகை. பந்திக்காகவும் அண்ணனுக்காகவும் வந்தவர்களின் காதில்தான் அவை விழுந்திருக்கின்றன. யாரோ ஒருவர் வராத இடம், யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்த அரைமணி, இவை இல்லாமல் எந்தப் புதியவருக்கும் மேடை கிடைத்ததில்லை. செம்பை வைத்தியநாத பாகவதரைப் போல, இளைய பக்கவாத்தியக்காரர்களைத் தம் மேடையிலேயே அமர்த்தி, கூட்டத்தின் முன் வாய்விட்டுப் பாராட்டிய பெரியவர்கள் இருந்தார்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம் சிறுவயதிலேயே சென்னையில் ஒலிக்க அவர்தான் வழிசெய்தார்.

மேலக்கட்டளை எழுதியது:

ஏட்டுச்சுவடி அம்மா அவர்கள் எழுதிய கடைசி வரிகள் என்னை எழுதவைக்கின்றன. என் மகள் பாடுகிறாள். பதினோரு ஆண்டுகளாகப் பகல் கச்சேரிகளில்தான் பாடுகிறாள். புகழ் வருமுன் என்ற சொல்லை அவளுக்குப் பயன்படுத்த எனக்குத் துணிவில்லை. புகழ் வந்தால்தானே அந்தச் சொல்லுக்குப் பொருள் இருக்கும்? நீங்கள் எல்லோரும் கீழே இருந்து எழுதுகிறீர்கள். மேடையில் தம்புராவுடன் பின்னால் உட்கார்ந்திருப்பவளாக ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு சபாவில் பகல் பன்னிரண்டு மணி. திரை விலகியபோது எதிரே பதினான்கு பேர். அவர்களில் நான்கு பேர் அடுத்த கச்சேரிக்கான குழுவினர். பக்கவாத்தியம் வாசிக்க வந்த இருவரும் அவள் வயதுப் பிள்ளைகள். ஒருவர் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஒலி அமைப்பவர் சாப்பிடப் போய்விட்டார். வயலினின் ஒலி மேடையில் கேட்கவே இல்லை. கையைக் காட்டிக் கேட்க அங்கே ஆள் இல்லை. தாள வாத்தியம் மட்டும் தனியே ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியபோது ஆறு பேர் எழுந்து கேன்டீனுக்குப் போனார்கள். முதல் வரிசையின் ஓரத்தில் வயதான ஓர் அம்மையார் மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கடைசிவரை இருந்தார். கச்சேரி முடிந்ததும் மேடையருகே வந்து, "நிரவலில் இரண்டாம் காலத்துக்குச் சீக்கிரம் போய்விட்டாய், முதல் காலத்தில் இன்னும் நான்கு சுற்று இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நிரவல் என்பது பாட்டின் ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது; இரண்டாம் காலம் என்றால் இரட்டை வேகம். என் மகள் இன்றுவரை அந்த அம்மையாரைத்தான் பேசுகிறாள். விமர்சகர் எழுதிய நான்கு வரி அவளுக்கு நினைவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வேறொரு சபா, பாட வாய்ப்பு வேண்டுமென்றால் நன்கொடை தரவேண்டும் என்று எங்களிடம் நேராகவே கேட்டது. நாங்கள் தரவில்லை, அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. போனவர் திறமையில்லாதவர் என்று சொல்லமாட்டேன். பணம் கொடுக்க முடியாததால் மேடை கிடைக்காமல் போனவர்களை, புகழ் வருமுன்பே கேட்டேன் என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்பதை மட்டும் இந்த இழையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

வடக்குமாடவீதி எழுதியது:

அம்மா, தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்துபோகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்தபிறகு என்னால் அதை இயல்பாகச் செய்ய முடியாது. மகளின் அடுத்த கச்சேரி எந்தச் சபாவில், எந்த நாளில் என்பதைத் தனிமடலில் தெரிவிக்க இயலுமா? பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம்.

புளியந்தோப்பு எழுதியது:

இதுவரை எழுதியவர்களைவிட நான் வயதில் இளையவன். 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் இசைநிகழ்ச்சியை நேரில் கேட்டேன். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. மேடையில் பத்தொன்பது பேர். கோட்டும் சூட்டும் அணிந்து கானா பாடினார்கள். பறையும் சட்டியும் கிடாரும் ஒரே மேடையில் ஒலித்தன. அந்தப் பத்தொன்பது பேரில் அறிவு ஒருவர். 2021இல் அவருடைய குரல் உலகெங்கும் ஒலித்தது. பாடிய ஒரே பெண் இசைவாணி. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

அன்று நான் நினைத்ததை எழுதவேண்டும் என்பதால் எழுதுகிறேன். அறிவு பாடியபோது சொற்கள் வேகமாக ஓடியதால் எனக்குப் பாதி புரியவில்லை. இசைவாணி பாடியபோது என் பக்கத்தில் இருந்த என் தாயார் அழுதார். எங்கள் பகுதியில் சாவு வீட்டில் கானா பாடுவார்கள், ஆண்கள்தான் பாடுவார்கள். அந்தப் பாட்டை ஒரு பெண் விளக்கு வெளிச்சத்தில் நின்று பாடுவதை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆனால் இந்த இழையின் தலைப்பு எனக்கு ஒரு சங்கடத்தைத் தருகிறது. அந்த மேடையில் இருந்த கானாப் பாடகர்கள் எங்கள் தெருக்களில் பல ஆண்டுகளாகவே பெயர் பெற்றவர்கள். அவர்கள் வந்தால் இரவு முழுவதும் கூட்டம் கலையாது. பத்திரிகையில் பெயர் வந்ததையும் பெரிய மேடை கிடைத்ததையும் வைத்து, அதற்கு முந்தைய காலத்தைப் புகழ் வருமுன் என்று எழுதுவது எந்த அளவுக்குச் சரி? போடிமெட்டு ஐயா பாவலர் வரதராசனைப் பற்றி எழுதியதிலும் இதே கேள்வி இருப்பதாக நினைக்கிறேன்.

வடக்குமாடவீதி எழுதியது:

நியாயமான கேள்வி. தலைப்பை எழுதும்போது சபாக்களை மட்டுமே மனத்தில் வைத்திருந்தேன். மாலைக் கச்சேரிக்கு உயர்வதையே புகழ் என்று கொள்ளும் பழக்கம் எனக்கு இருக்கிறது. உங்கள் தாயாரைப் பற்றி எழுதியதற்குத் தனியாக நன்றி.

போடிமெட்டு எழுதியது:

இழை தொடங்கி நான்கு நாள் ஆகிவிட்டது. தம்புச்செட்டி ஐயா தம் வருடத்தைத் திருத்திக்கொண்டதைப் படித்தபிறகு எனக்கும் ஓர் ஐயம் வந்ததால், நேற்று இரவு கம்பத்தில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் செய்து அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. என்னை அழைத்துக்கொண்டு போனவள் அவள்தான்.

கூட்டம் நடந்தது உண்மை, பாவலர் பாடியது உண்மை, தம்பிகள் உடன் இருந்ததும் உண்மை. பெட்ரோமாக்ஸ் விளக்கு இடதுபுறம் தொங்கியதும் அவளுக்கு நினைவிருக்கிறது. ஆனால் முதல் பேச்சாளர் பேசி முடிப்பதற்குள் நான் அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டேனாம். பாட்டு தொடங்கியபோது எழுப்பிப் பார்த்திருக்கிறாள், நான் எழவில்லை. முடிந்தபிறகு தகப்பனார்தான் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மறுநாள் காலையில் நான் அழுததாகவும், என்னைச் சமாதானப்படுத்துவதற்காகப் பாவலர் பாடிய பாட்டுகளையெல்லாம் அவளே பாடிக் காட்டியதாகவும், ஆர்மோனியக்காரரின் விரல்கள் வெளிச்சத்தில் ஓடியதைத் திண்ணைப் பலகையில் தன் விரல்களை ஓட்டிக் காட்டியதாகவும் சொன்னாள்.

என் முதல் பதிவை அழிக்காமல் விட்டுவிடுகிறேன். விரல்களைப் பார்த்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் என் அக்காவை வைத்துப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.